பாகுவில் கேட்ட நியாயம் செஞ்சிக்கும் வேண்டும்

2024 நவம்பர் 24ஆம் தேதி விடியற்காலையில், அஜர்பைஜானின் தலைநகரான பாகுவில் கூடிய ஐ.நா. பருவநிலை மாநாடு, செல்வ நாடுகள் முன்னின்று 2035ஆம் ஆண்டுக்குள் ஆண்டுதோறும் 30,000 கோடி டாலர் திரட்டி வளரும் நாடுகளுக்கு உதவுவது என்று தீர்மானித்தபோது, தேவை 1.3 லட்சம் கோடி டாலராக இருக்க, இத்தீர்மானம் வெறும் தோற்றமயக்கமே என்று இந்தியப் பிரதிநிதி ஆட்சேபித்தார். நிலக்கரியை எரித்துச் செல்வம் குவித்த தேசங்கள் ஒரு நூற்றாண்டுக்கு மேலாக ஆகாயத்தில் சேர்த்துவைத்த கரியமில வாயுவின் பலனை, அதில் அற்பப் பங்கே உடைய ஜனங்கள் அனுபவிக்கும்போது, அவர்களுக்குத் தரும் தொகை தானமாகாது, கடனே ஆகும். ஆதலால் அந்த ஆட்சேபம் முற்றும் நியாயமானது.

அந்த விவாதம் நடந்து ஒரு வாரம் ஆவதற்குள், நவம்பர் 30ஆம் தேதி இரவு, ஃபெஞ்சல் புயல் புதுச்சேரியருகே கரை கடந்தது. செஞ்சிக்குக் கிழக்கேயுள்ள மயிலத்தில் ஒரே நாளில் ஏறக்குறைய 50 சென்டிமீட்டர் மழை கொட்ட, செஞ்சி மலைப்பகுதியில் பிறக்கும் சங்கராபரணி, வீடூர் அணையைக் கடந்து புதுச்சேரிக் கிராமங்கள் வரை கரைபுரண்டோடியது. தனியொரு புயலைப் புவி வெப்பத்தின் கணக்கிலேயே எழுதிவிடலாகாது என்போரின் எச்சரிக்கை மதிக்கத்தக்கதுதான். ஆயினும், ஒரு டிகிரி வெப்பம் ஏறினால் காற்று ஏறத்தாழ 7 சதவீதம் அதிக நீராவியைச் சுமக்கும் என்பதும், சுமந்ததை ஓரிடத்திலே பெருமழையாக இறக்கக்கூடும் என்பதும் பௌதிகத்தின் பாலபாடம்.

அதன்பின், பாகுவின் வழக்கு நம் தேசத்துக்குள்ளேயே மறுபடி நடந்தது. தமிழக அரசு இடைக்கால நிவாரணமாக ரூ.2,000 கோடி கேட்டது. மத்திய அரசு ரூ.944.80 கோடி விடுவித்தது. அதுவோ, நிதிக்குழுவின் ஏற்பாட்டின்படி, புயல் வந்தாலும் வராவிட்டாலும் மாநிலப் பேரிடர் நிவாரண நிதிக்கு மத்திய அரசு தரக் கடமைப்பட்ட பங்கு. தேசியப் பேரிடர் நிதியிலிருந்து ரூ.522.34 கோடிக்கு ஒப்புதல் கிடைக்க மறு ஆண்டு ஏப்ரல் ஆயிற்று. கொடுப்பவர் தம் இஷ்டப்படி அளக்கலாகாது, முன்னமே கடமைப்பட்ட பணத்தைப் புதிய உதவியென்று காட்டலாகாது என்று உலக சபையில் நாம் செய்யும் வாதம், டில்லிக்கும் பொருந்தாதா?

மாநில அரசும் இதற்கு விலக்கல்ல. 2022 டிசம்பரில் பருவநிலை மாற்ற இயக்கத்தைத் தொடங்கி, மாவட்டந்தோறும் அதன் பொறுப்பை ஆட்சியரிடம் தந்தது பாராட்டுக்குரியதே. ஆனால், 40 ஹெக்டேருக்குக் குறைந்த ஆயக்கட்டுள்ள ஏரிகள் யாவும் ஊராட்சி ஒன்றியங்களின் பொறுப்பு. வரத்துக்கால் தூர்ந்தாலும் மதகு பழுதானாலும், மேலிடத்து நிதிக்குக் காத்திருப்பதே அவற்றின் நிலை. 1690 முதல் 1698 வரை மொகலாயர் முற்றுகையைத் தாங்கிய செஞ்சிக் கோட்டைக்கு, மதிலின் வலிமையோடு, மலைமேல் தேங்கிய மழைநீரும் பலமாயிருந்தது. அக்கோட்டை 2025 ஜூலையில் உலகப் பாரம்பரியப் பட்டியலில் ஏறியதற்கு மகிழும் நாம், அதனடியில் வேர்க்கடலையும் நெல்லும் விளைவிக்கும் குடியானவனின் ஏரிக்கரையை மறந்துவிடலாகாது.

ஆகவே, சேதத்தின் அளவும் ஜனங்களின் வறுமையும் மட்டுமே அளவுகோலாக, எந்தக் கட்சி எங்கே ஆள்கிறது என்பது பாராமல், மத்திய நிவாரணத்தைக் குறித்த கெடுவுக்குள் தரும் விதியொன்று சட்டமாக வேண்டும். ஊராட்சி ஒன்றிய ஏரிகளுக்கென நிலையான நிதியை மாநில அரசு ஆண்டுதோறும் ஒதுக்க வேண்டும். வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கும். பணம் அதற்கு முன்பே ஒன்றியத்தின் கணக்கில் இருக்க வேண்டும்.