பழைய கணக்கின் பாக்கி

பிரிட்டனில் அரசின் கூடுதல் ஓய்வூதியத்துக்கு ஈடாக நிறுவனத் திட்டங்கள் அளிக்க வேண்டியிருந்த 'உறுதிசெய்யப்பட்ட குறைந்தபட்ச ஓய்வூதியம்', பெண்களுக்கு 60 வயதையும் ஆண்களுக்கு 65 வயதையும் கொண்டு கணக்கிடப்பட்டதால், ஒரே வேலையை ஒரே காலம் செய்த இருவரின் தொகை வேறுபட்டது. ஓய்வூதியமும் ஊதியமே, அதில் பால் வேறுபாடு கூடாது என்று ஐரோப்பிய நீதிமன்றம் 1990 மே 17 அன்று தீர்ப்பளித்தபோதிலும், இத்தொகையால் விளைந்த ஏற்றத்தாழ்வைச் சமன்செய்யும் கடமை லாயிட்ஸ் வங்கி வழக்கில் 2018-இல்தான் உறுதியானது. வேறு திட்டத்துக்கு மாறிச் சென்றவர்களுக்கும் பாக்கி உண்டு என்று 2020-ஆம் ஆண்டுத் தீர்ப்பு கூறியது. தொகை சிறிது, கணக்குச் செலவு பெரிது என்ற வாதம் ஏற்கத்தக்கதன்று. முப்பது ஆண்டுக்கு முந்தைய சம்பளப் பதிவைத் தேடியெடுப்பது நிர்வாகத்தின் வேலையேயன்றி எண்பது வயது முதியவரின் வேலையன்று; அவர் இறந்திருந்தால், நிலுவை அவருடைய வாரிசைத் தேடிச் சென்று சேர வேண்டும்.