"ஒண்ணும் பண்ண முடியாது"ன்னு சொல்லி அனுப்பாதீங்க

1/ கால் வீங்கி வர்றவங்ககிட்ட "இது யானைக்கால், இதுக்கு மருந்தே இல்ல" என்று சொல்லி அனுப்புவது இன்னும் நடக்கிறது. அது தவறு என்பது என் கருத்து. ஏன்னு பார்ப்போம்.

2/ காலில் புண் வந்தா தொடையிடுக்கில் நெறி கட்டுமே, அந்த நெறிக்குப் போகும் மெல்லிய குழாய்கள்தான் நிணநீர் நாளங்கள். திசுக்களில் தேங்கும் நீரை வடிக்கும் வடிகால்கள்.

3/ ஓரிடம் சிவந்து, சூடாகி, வீங்கி வலித்தால் அது அழற்சி. அப்போ நீர் அதிகம் சேரும், கூடுதல் வடிகால் வேணும். அங்கே வரும் மேக்ரோஃபேஜ் செல்கள் விஇஜிஎஃப்-சி என்ற புரதத்தைச் சுரக்கும். அதைப் பெற்றதும் நாளம் கிளைவிட்டு வளரும். "போதும், நிறுத்து" என்று சொல்லவும் ஆள் உண்டு: டி செல்கள் விடும் இன்டர்ஃபெரான் காமா, டிஜிஎஃப்-பீட்டா.

4/ சில நாள் அழற்சிக்கு இந்த ஏற்பாடு நல்லது. வருடக்கணக்கில் நீடித்தால்? புது நாளங்கள் வந்தாலும் கசியும், ஒழுங்கா வடிக்காது. நீர் தேங்கும், தோல் தடிக்கும்.

5/ யானைக்காலில் கொசு மூலம் வந்த புழு, நாளத்துக்குள்ளேயே குடியிருந்து அதை விரிய வைக்கிறது. பிறகு விரலிடுக்குச் சேற்றுப்புண், வெடிப்பு வழியே பாக்டீரியா நுழையும். குளிர்காய்ச்சல், கால் சிவப்பு. ஒவ்வொரு முறை வரும்போதும் கால் இன்னும் கொஞ்சம் பெருக்கும்.

6/ அதனால தினமும் சோப்பு போட்டுக் கழுவி, விரலிடுக்கை ஒற்றித் துடைத்து, புண்ணுக்கு மருந்து தடவி, காலை உயர்த்தி வைப்பது ஆறுதலுக்குச் சொல்லும் வார்த்தை இல்லீங்க. அழற்சியை அது தொடங்கும் வாசலிலேயே மறிக்கும் சிகிச்சை. காய்ச்சல் வந்தா அன்றே டாக்டரைப் பாருங்க.

7/ டாக்ஸிசைக்ளின், புழுவுக்குள் வாழும் வோல்பாக்கியா பாக்டீரியாவைக் கொல்லும். நோயாளிகள் ரத்தத்தில் விஇஜிஎஃப்-சி அளவும் குறைந்ததை ஆய்வில் பார்த்திருக்கிறார்கள். நீங்களா கடையில் வாங்காதீங்க, கர்ப்பிணிகளுக்கு ஆகாது.

8/ முற்றிப் பெருத்த கால் முழுசா பழையபடி ஆகும்னு நான் சொல்லல. காய்ச்சல் குறையும், வேலைக்குப் போகலாம். மாத்திரைச் சீட்டு எழுத ஒரு நிமிஷம் போதும், கால் கழுவச் சொல்லித்தர பத்து நிமிஷம் ஆகும். அந்தப் பத்து நிமிஷத்தை மருத்துவர்களாகிய நாங்கள் கொடுத்தே ஆகணும். நீங்களும் கேட்டு வாங்குங்க.