மேசை இல்லாத விருந்து

தொண்ணூறுகளின் நடுப்பகுதியில், கொழும்பில் நான் பணியாற்றிய நாளேட்டின் மகளிர் பக்கத்தைச் சில மாதங்கள் என் தலையில் கட்டியிருந்தார்கள். பொறுப்பிலிருந்த அம்மையார் பிரசவ விடுமுறையில் சென்றிருந்தார். நத்தாருக்கு முந்திய வாரம் அரைப் பக்கம் வெறுமையாகக் கிடந்தது. ஓர் ஆங்கிலச் சஞ்சிகையைப் புரட்டி, 'குறைந்த செலவில் விருந்து மேசையை அலங்கரிப்பது எப்படி?' என்று எழுதி நிரப்பிவிட்டேன். வெள்ளை விரிப்பு, மெழுகுதிரி, பட்டு நாடா, பைன் காய்கள். பைன் காய் எங்கே கிடைக்கும் என்று கொழும்பு வாசகிகள் தொலைபேசியில் கேட்டார்கள். ஹற்றனுக்கு அருகிலுள்ள தோட்டம் ஒன்றிலிருந்து ஓர் அஞ்சலட்டை வந்தது. பைன் காய் எங்கள் மலையில் காலில் இடறுகிறது, மேசைக்குத்தான் நீங்கள் வழி சொல்லவில்லை என்று கோபமே இல்லாத நல்ல தமிழில் எழுதியிருந்தது.

அடுத்த தீபாவளிக்கு நானே அந்தப் பக்கம் போனேன். தோட்டப் பாடசாலையில் படிப்பித்த நண்பர் ஒருவர் அழைத்திருந்தார். லயத்துக் காம்பராவை அறியாத வாசகர்களுக்குச் சொல்கிறேன்: பத்தடிக்குப் பன்னிரண்டடி அறை, முன்னால் ஓர் இஸ்தோப்பு. உள்ளே கட்டில் போட்டால் அலுமாரிக்கு இடமில்லை. அலுமாரி வைத்தால் பிள்ளைகள் படுக்க இடமில்லை. மேசையைப் பற்றி என்ன பேசுவது?

ஆனால் அலங்காரம் இருந்தது. சுவருக்குப் புதுச் சுண்ணாம்பு. சாணம் மெழுகிய இஸ்தோப்பில் அரிசிமாக் கோலம். பாய் விரித்து, அதன்முன் பழைய பத்திரிகைத் தாள்களைப் பரப்பி, அதன்மேல் இலை போட்டார்கள். தாள்கள் எங்கள் நாளேட்டினுடையவை. அரசியல்வாதி ஒருவரின் முகத்தின்மேல் ஆட்டிறைச்சிக் குழம்பு வழிந்ததை நான் ரசித்தேன் என்பதை மறைப்பானேன்.

அந்த வாழையிலையும் எளிதில் வந்ததல்ல. நுவரெலியா ஆறாயிரம் அடிக்கு மேலே இருக்கிறது, ஹற்றன் நாலாயிரத்துச் சொச்சம். குளிரும் காற்றும் வாழைக்கு ஆகாதவை. கினிகத்தேனைப் பக்கத்திலிருந்து கட்டாக வந்த இலையைக் காசு கொடுத்து வாங்கி, ஒன்றை இரண்டாக நறுக்கியிருந்தார்கள். பூவுக்கு மட்டும் செலவில்லை. லயத்தோரம் வளர்ந்த செவ்வந்தியும், ஓடைக்கரைப் பன்னத்தின் இலையும் ஒரு பித்தளைச் செம்பில் இருந்தன. நடுவில் வெள்ளை இதழும் மஞ்சள் மகரந்தமுமாக ஒரு சிறு பூங்கொத்து. என்ன பூ என்று கேட்டேன். வீட்டுக்கார அம்மா சிரித்தார். தேயிலைப் பூ! ஓயாமல் கொழுந்து கிள்ளுகிற செடியில் பூவை அதிகம் காணமுடியாது. பறிப்புக்குத் தப்பிய ஓரச் செடிகளில்தான் அது நன்றாகப் பூக்கும். தேயிலை நாட்டில் பிறந்து அதன் பூவை நான் முதன்முதலாகக் கண்டது ஒரு லயத்துத் தரையில்.

இவர்களுக்கு அலங்காரம் சொல்லிக்கொடுக்க நாம் யார்? பங்களாத் தோட்டத்தில் துரையின் மேசைக்கென்று பூ வளர்த்ததும், அதை வெட்டிக் கொடுத்ததும் இவர்களுடைய பாட்டன்மார். நுவரெலியாவில் 1876இல் தொடங்கிய ஹில் கிளப், இரவு உணவுக்குக் கழுத்துப்பட்டி கட்டாயம் என்ற வழக்கத்துக்குப் பேர்போனது. அந்த மேசைகளின் ஒழுங்கு முழுவதும் தெரிந்த கைகள் மலையகத்தில் நிறைய இருந்தன. அந்தக் கைகளுக்குச் சொந்தமாக ஒரு மேசை போட இடம் இருக்கவில்லை.

செலவுக் கணக்குக்கு வருகிறேன். தீபாவளி முற்பணம் என்பது பரிசன்று, கடன். பண்டிகைக்கு முன் கையில் தந்து, பின்வரும் மாதங்களில் சம்பளத்திலிருந்து தவணை தவணையாக வெட்டிக்கொள்வார்கள். நாட் சம்பளம் 1,000 ரூபாவானது 2021இல். 2024இல் அது 1,350 ஆயிற்று. 2026ஆம் ஆண்டுக்கான வரவு செலவுத் திட்டம் 1,550 என்றும், வேலைக்கு வரும் நாளுக்கு அரசு 200 ரூபா சேர்க்கும் என்றும் சொன்னது. துணிமணி, இறைச்சி, பலகாரச் சாமான் ஆகியவற்றோடு முற்பணம் முடிந்துவிடும். ஆகவே என் கருத்து இதுதான்: அலங்காரத்துக்கென்று அதிலிருந்து ஒரு ரூபாவும் எடுக்கக்கூடாது. ஹற்றன் கடைகளில் தொங்கும் பிளாஸ்டிக் பூமாலைக்கு அரைநாள் மலையேறிய கூலியைக் கொடுப்பது எனக்கு வயிற்றெரிச்சலாக இருக்கிறது, அதுவும் செவ்வந்தி பூத்துக் கிடக்கிற ஊரில்.

'இருப்பதைக் கொண்டு மகிழுங்கள்' என்பது துரைமார் பாடிய பழைய பாட்டுத்தானே என்று ஒரு நண்பர் என்னை மடக்கினார். நியாயமான கேள்வி. நான் பிளாஸ்டிக் பூவைத்தான் வேண்டாம் என்கிறேன், மேசையையோ வீட்டையோ அல்ல. ஏழு பேர்ச்சஸ் காணியில் 550 சதுர அடி வீடு என்று இந்திய உதவித் திட்டம் தொடங்கியது. முதலில் 4,000 வீடுகள். 2017 மே மாதம் நோர்வூட்டுக்கு வந்த இந்தியப் பிரதமர் மேலும் 10,000 வீடுகளை அறிவித்தார். லயங்களின் நீளத்தைப் பார்த்தால் அதுவும் போதாது. பத்திரிகைகளின் பண்டிகைச் சிறப்பிதழ்கள் மேசை அலங்காரத்துக்கு ஒதுக்கும் இடத்தில் கொஞ்சத்தை இந்தக் காணிக் கணக்குக்கு ஒதுக்கினால் நல்லது. நானும் அந்தத் தவறைச் செய்தவன்தான்.

2024 தீபாவளிக்கு அத்தகைய புது வீடொன்றில் சாப்பிட்டேன். கூடத்தில் பளபளப்பான மேசையும் நான்கு கதிரைகளும் இருந்தன. மேசைமேல் பலகாரத் தட்டும் ஒரு செம்பு செவ்வந்தியும். சாப்பாடு தரையில்தான், வரிசையாக இலை போட்டு. மேசையை வாங்கிவிட்டு ஏன் கீழே என்று அந்த வீட்டுப் பாட்டியிடம் கேட்டேன்.

"மேசையில நாலு பேருதான் குந்தலாம் சார். வந்திருக்கிறது பதினோரு பேரு" என்றார்.