வேதத்தை ஒதுக்கிவைத்துப் பேச முடியாது

தேனாம்பேட்டையிலிருந்து மேற்படிப்புக்காக அமெரிக்கா சென்றிருக்கும் நம் வாசகர் ஒருவர், உடன் படிக்கும் கிறிஸ்தவ மாணவர்களோடு தன்பாலீர்ப்பு பற்றி நடந்த விவாதத்தை எங்களுக்கு நீண்ட கடிதமாக எழுதியிருக்கிறார். அவர் விருப்பப்படி பெயரையும், அவர் படிக்கும் ஊரையும் விட்டுவிடுகிறோம். ஆனால் அதிலுள்ள கேள்வியை அப்படி விட்டுவிட முடியவில்லை.

அந்த மாணவர்கள் கெட்டவர்கள் அல்ல. விமான நிலையத்துக்குக் கார் எடுத்து வந்து அழைத்துப்போனவர்கள். வாடகை அறைக்குப் பழைய மெத்தையும் மேசையும் தேடிக் கொடுத்தவர்கள். வெள்ளிக்கிழமை மாலையில் சாப்பாடு போட்டு வேதபாடம் நடத்துகிறவர்கள். நம் வாசகரும் தென்னிந்தியத் திருச்சபை (சி.எஸ்.ஐ.) குடும்பத்துப் பிள்ளை, ஞாயிறு பள்ளியில் மனப்பாட வசனத்துக்குப் பரிசு வாங்கியவர். அவர் தன்பாலீர்ப்பு உள்ளவர் என்பது மட்டும் அவர்களுக்குத் தெரியாது. ஆகவே அன்றைய விவாதம் யாரோ மூன்றாம் மனிதரைப் பற்றியதாக நடந்தது. ஆதியாகமம் 19, லேவியராகமம் 18, 20, ரோமர் 1, 1 கொரிந்தியர் 6 என்று வழக்கமான அதிகாரங்கள் வரிசையாக வந்தன. நம் வாசகர் மாற்று வாசிப்பை முன்வைத்தார். கடைசியில் ஒரு மாணவி அமைதியாகக் கேட்டாராம்: “நீங்கள் சொல்வது சரியென்றால், இரண்டாயிரம் ஆண்டுகளாகச் சபை தவறாகவா வாசித்துவந்தது?”

இது நேர்மையான கேள்வி. நம் இலக்கிய, பகுத்தறிவு வட்டங்களில் இதற்கு ஒரே பதில்தான் கிடைக்கும்: புத்தகத்தை மூடிவை, அரசியல் சட்டத்தைத் திற. அந்தப் பதிலை நாங்கள் ஏற்கவில்லை. தமிழ்நாட்டில் ஒரு கிறிஸ்தவ வீட்டில் பையன் ‘எனக்குப் பெண்கள் மேல் நாட்டமில்லை’ என்று சொன்னால், பெற்றோர் பெரும்பாலும் முதலில் போவது வழக்கறிஞரிடமோ மனநல மருத்துவரிடமோ அல்ல, போதகரிடம். அந்தப் போதகர் கையில் இருப்பது வேதம். அதை அவர் எப்படி வாசிக்கிறார் என்பதில் அந்தப் பையனின் உயிரே தங்கியிருக்கிறது. ‘அது உங்கள் புத்தகம்’ என்று நாம் ஒதுங்கிக்கொண்டால், பையனையும் சேர்த்தே கைவிடுகிறோம்.

ஆகவே வேதத்துக்குள்ளேயே நின்று பேசுவோம். ஆதியாகமம் 19இல் சோதோம் ஊரார் லோத்தின் வீட்டைச் சூழ்வது வந்த விருந்தினரைக் கூட்டமாகச் சேர்ந்து பலாத்காரம் செய்ய. இருவர் மனமொத்து வாழும் வாழ்க்கைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. சோதோமின் அக்கிரமம் இன்னதென்று எசேக்கியேல் 16:49 பட்டியலிடுகிறது: கர்வம், உணவின் மிகுதி, ஏழை எளியவருக்குக் கை கொடாமை. ஏசாயா 56, சபையிலிருந்து விலக்கப்பட்டிருந்த அண்ணகருக்கு (விரையடிக்கப்பட்டவர்களுக்கு) ஆண்டவரின் ஆலயத்தில் இடம் உண்டென்று அறிவிக்கிறது. அப்போஸ்தலர் நடபடிகள் 8இல் எத்தியோப்பிய அண்ணகர் ஒருவர் வழியோரத் தண்ணீரிலேயே ஞானஸ்நானம் பெறுகிறார். இவற்றையெல்லாம் நம் வாசகர் சொல்லியிருக்கிறார். ஆனால் ரோமர் 1 அவ்வளவு எளிதில் வழிவிடாது. பவுல் அங்கே கண்டித்துத்தான் எழுதுகிறார். அவர் எதைக் கண்டித்தார், அவர் காலத்து ரோமாபுரியில் என்ன நடந்தது என்று அறிஞர்கள் வாதிடலாம். கண்டனமே இல்லை என்று சொல்லிவிட முடியாது. மரபான நிலைப்பாடு கொண்டவர்களை வெறுப்பாளர்கள் என்று ஒரே சொல்லில் தள்ளுவதும் நியாயமல்ல.

ஆனாலும் அந்த மாணவியின் கேள்விக்குப் பதில் உண்டு. அது நம் ஊரிலேயே இருக்கிறது.

1833இல் கல்கத்தா பிஷப் டேனியல் வில்சன், தென்னிந்தியச் சபைகளில் சாதியை அறவே கைவிட வேண்டும் என்று கடிதம் எழுதினார். அதுவரை தஞ்சாவூரிலும் வேப்பேரியிலும் வேளாளக் கிறிஸ்தவர்களும் தலித் கிறிஸ்தவர்களும் ஆலயத்தில் தனித்தனியே உட்கார்ந்தார்கள். திருவிருந்தில் ஒரே பாத்திரத்தில் பருகுவதே பெரும் பிரச்சினையாக இருந்தது. சாதி உலக வழக்கம், விசுவாசத்துக்கும் அதற்கும் தொடர்பில்லை என்று உயர்சாதிக் கிறிஸ்தவர்கள் வாதிட்டார்கள். அவர்களுக்காக எழுதியவர் தஞ்சை வேதநாயகம் சாஸ்திரியார். இன்றும் நம் ஆலயங்கள் உருகிப் பாடும் கீர்த்தனைகளைத் தந்தவர். பக்தியில் அவருக்குக் குறைவேதுமில்லை. வேதத்தையும் நன்கு கற்றவர். ஆனாலும் பக்கத்து இருக்கைக்காரரின் வலியை அந்த வாசிப்பு காணவில்லை. கடிதம் வந்தபின் பலர் சபையை விட்டே வெளியேறினார்கள். அந்த வாதம் இன்னும் முடியவில்லை என்பதற்குத் திருச்சி மேலப்புதூர் கல்லறையைச் சாதிவாரியாகப் பிரிக்கும் சுவரே சாட்சி. இருந்தும், வேதத்தைக் காட்டிச் சாதியை நியாயப்படுத்த இன்று எந்தப் போதகரும் மேடையேறத் துணியமாட்டார். வசனங்கள் அப்படியே இருக்கின்றன. ஒதுக்கப்பட்டவர்கள் எழுந்து நின்று பேசியதால்தான் வாசிப்பு மாறியது.

பெண்கள் சபையில் பேசாமலிருக்க வேண்டும் என்று 1 கொரிந்தியர் 14 சொல்கிறது. அதே வேதத்தை வைத்திருக்கும் தென்னிந்தியத் திருச்சபை 1976இல் பெண்களைக் குருத்துவத்துக்கு ஏற்க முன்வந்தது. 2013இல் புஷ்ப லலிதா நந்தியால் பேராயரானார்.

அமெரிக்காவிலும் இப்படி வாசிப்பு மாறியிருக்கிறது. டியூக் பல்கலைக்கழக இறையியல் பேராசிரியர் ரிச்சர்ட் ஹேஸ் 1996இல் எழுதிய புதிய ஏற்பாட்டு அறநெறி நூலில், தன்பாலின உறவை ஏற்க முடியாது என்று கவனத்தோடு வாதிட்டிருந்தார். மரபுவாதிகள் பல ஆண்டுகள் அதை ஆதாரமாகக் காட்டிவந்தார்கள். அதே ஹேஸ் 2024இல், மகன் கிறிஸ்டோபருடன் சேர்ந்து எழுதிய நூலில் தம் நிலைப்பாட்டை மாற்றிக்கொண்டார். புறஜாதியாரை ஏற்பதா என்று எருசலேமில் ஆதிச்சபை கூடி விவாதித்த நடபடிகள் 15ஆம் அதிகாரம் அவருடைய வாதத்தில் முக்கியமானது: கடவுளின் இரக்கம் விரிந்துகொண்டே போகிறது என்பதை வேதமே காட்டுகிறது என்றார். அடுத்த ஆண்டு தொடக்கத்தில் காலமானார். வாழ்நாள் முழுதும் வேதத்தோடு கழித்த ஒருவர், வாழ்வின் இறுதியில், தம் சொல் பிறரைக் காயப்படுத்தியது என்று வெளிப்படையாக வருந்தியது எங்களை உலுக்குகிறது.

இங்கே சபைகள் என்ன செய்தன? பிரிட்டிஷார் 1860இல் இயற்றிய, தன்பாலின உறவைக் குற்றமாக்கிய 377ஆம் பிரிவை டெல்லி உயர் நீதிமன்றம் 2009இல் தளர்த்தியபோது, எதிர்த்து உச்ச நீதிமன்றம் போனவர்களில் அப்போஸ்தலிக் சபைகள் கூட்டமைப்பும் உத்கல் கிறிஸ்தவ மன்றமும் இருந்தன. பாவமென்று நம்புவது ஒன்று. அதற்காக ஒருவரைச் சிறையில் போடச் சொல்வது வேறொன்று. அந்த வேறுபாட்டைக்கூடச் சில சபைகள் காணத் தவறின. 2018 செப்டம்பர் 6 அன்று, மனமொத்த உறவை அந்தப் பிரிவு குற்றமாக்குவதை உச்ச நீதிமன்றமே முடித்துவைத்தது.

2021இல் மதுரையிலிருந்து வெளியேறி வந்த, ஒருவரையொருவர் நேசித்த இரண்டு இளம்பெண்கள் பாதுகாப்புக் கேட்டுச் சென்னை உயர் நீதிமன்றத்தை நாடினார்கள். நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், இந்த உறவுகளைப் பற்றித் தமக்குப் போதிய புரிதல் இல்லை என்று சொல்லி, உளவியல் ஆலோசகரிடம் தாமே அமர்ந்து கேட்டறிந்தார். அதன்பின் ஜூன் 7 அன்று உத்தரவிட்டார். நாட்டத்தை மாற்றுவதாகச் சொல்லும் ‘சிகிச்சை’க்கு அதில் தடை விதித்தார். தேசிய மருத்துவ ஆணையம் 2022இல் அதை மருத்துவர்களின் தொழில் ஒழுக்கக்கேடாக அறிவித்தது. ஆனால் அந்த அறிவிப்பு மருத்துவரைத்தான் கட்டுப்படுத்தும். ஜெபவீட்டில் பிள்ளையை உபவாசம் போட்டு உட்காரவைத்து, தலையில் கைவைத்துப் பிசாசை அதட்டுகிறவரை எந்த ஆணையம் கேட்கும்? அதை இறையியல் கல்லூரியும் திருச்சபைப் பேரவையான சினாடும்தான் கேட்க முடியும்.

தேனாம்பேட்டையிலிருந்து நடந்தே போய்விடலாம், கதீட்ரல் சாலை புனித ஜார்ஜ் பேராலயத்துக்கு. 1947 செப்டம்பர் 27 அன்று தென்னிந்தியத் திருச்சபை பிறந்தது அங்கேதான். பேராயர்கள் வேண்டும் என்ற சபைகளையும் வேண்டாம் என்ற சபைகளையும் ஒன்றாக்க, 1919இல் தரங்கம்பாடியில் பேராயர் அசரியா போன்றோர் தொடங்கிய பேச்சு 28 ஆண்டுகள் நீடித்தது. அவ்வளவு பொறுமை இந்தச் சபையிடம் இருந்திருக்கிறது. அதில் ஒரு பங்கைத் தன் பிள்ளைகள் பேசுவதைக் கேட்கவும் அது செலவிட வேண்டும்.

அடுத்த இதழில் இந்த விவாதத்துக்குப் பக்கங்கள் ஒதுக்குகிறோம். எங்கள் வாசிப்பை மறுக்கும் போதகர்களும் இறையியல் மாணவர்களும் அதிகாரம், வசனம் குறிப்பிட்டு எழுதுங்கள், வெட்டாமல் வெளியிடுவோம். எழுதும்போது, உங்கள் பாடகர் குழுவில் நிற்கும் ஒரு பிள்ளையும் அதைப் படிக்கும் என்பதை மனத்தில் வைத்து எழுதுங்கள்.