சென்னைக்கும் யாழ்ப்பாணத்துக்கும் இடையே நின்றது கடலா?

சென்னைக்கும் யாழ்ப்பாணத்துக்கும் இடைத்தொலைவு எவ்வளவு? வான்வழியே அளப்பின் ஏறத்தாழ 355 கி.மீ. சென்னையினின்று மதுரைக்கோ ஏறத்தாழ 420 கி.மீ. மதுரையினும் யாழ்ப்பாணமே சென்னைக்கு அண்மையது! சிறிய வானூர்தியும் ஒன்றேகால் மணி நேரத்திற் கொண்டுசேர்க்கும். திருச்சியினின்று அளப்பின் 185 கி.மீ. அளவே. நிலப்படத்தை விரித்து எவரும் அளந்து தெளியலாம்.

ஆயின், பன்னெடுங்காலம் யாழ்ப்பாணத்தார் சென்னைக்கு எவ்வழி வந்தனர்? வடக்கே செல்லவேண்டியவர் முதற்கண் தெற்கே ஏறத்தாழ 400 கி.மீ. சென்றனர். இரவெல்லாம் பேருந்திலும் தொடர்வண்டியிலும் கழித்துக் கொழும்பையடுத்த கட்டுநாயக்காவை அடைந்தனர். அங்கிருந்து சென்னைக்கு மேலும் 650 கி.மீ. அவ் விரண்டையும் இணைத்து நேர்கோடு வரைக. அக்கோடு யாழ்ப்பாணத்தின் மேலேயே செல்லும்! புறப்பட்ட மண்ணையே மீண்டுங் கடந்து வருதற்கு ஒரு முழு நாள், மும்மடங்கு தொலைவு, அதற்கேற்ற பணம். நோயுற்றோர்க்கும் முதியோர்க்கும் இஃது எத்துணைக் கொடுமை! தாயின் சாவுச்செய்தி கேட்டுப் புறப்படும் மகன் எரியூட்டுமுன் வந்து சேர்தல் யாங்ஙனம்?

கடல் தடுத்தது என்பார் உளர். கடல் தடுக்கவில்லை. 1947 திசம்பர் 10ஆம் நாள், ஏர் சிலோன் நிறுவனத்தின் முதல் வானூர்தி இரத்மலானையினின்று எழுந்து, காங்கேசன்துறையில் இறங்கி, அதன் பின்னரே சென்னைக்குப் பறந்தது. அந் நிறுவனத்தின் முதல் வழியே இவ்வழிதான்! அன்று இயன்றது பின்னர் ஏன் இயலாமற் போயிற்று? 1983இல் போர் மூண்டது. பலாலி படைத்தளமாயிற்று. 1990இல் சுற்றூர் மக்கள் வீடும் வயலும் விட்டுப் பெயர்ந்தனர்.

போர் 2009 மே மாதத்தில் ஓய்ந்தது. பலாலி பன்னாட்டு வானூர்தி நிலையமாகத் திறக்கப்பட்டதோ 2019 அக்தோபர் 17இல்! ஒன்றேகால் மணி நேர வழியைத் திறக்கப் பத்தாண்டுகள். அடுத்த மாதமே சென்னையினின்று ஊர்தி வந்தது. 2020 மார்ச்சில் நோய்த்தொற்றால் நின்றது. அது பொதுத்துன்பம், அதனைக் குறைகூறுவாரிலர். ஆயின், 2021 சனவரியிலேயே கட்டுநாயக்கா வெளிநாட்டுச் சுற்றுலாவினர்க்குத் திறக்கப்பட்டதே! சென்னை ஊர்தி பலாலியில் மீண்டும் இறங்கியது 2022 திசம்பர் 12இல் அன்றோ? இடைப்பட்ட ஏறத்தாழ ஈராண்டுக் காலம் எந்நோய் தடுத்தது?

"ஏறுவோர் இலர், ஆதாயம் இல்லை" என்பது அடுத்த சொல். ஆதாயம் ஒன்றனையே நோக்கும் தனியார் நிறுவனமொன்று 2024 செப்தம்பரில் சென்னையினின்றும், 2025 மார்ச்சுத் திங்களிறுதியில் திருச்சியினின்றும் தன் ஊர்திகளை விடுத்ததே! வெற்றிருக்கைகளைச் சுமக்கவா விடுத்தது? வழியை அடைத்துவைத்துக்கொண்டு வருவோர் இலர் என்பது, கதவைத் தாழிட்டுவிட்டு விருந்தினர் வரவில்லை என்பது போன்றதே.

கடலோ தொலைவோ அன்று. கொழும்பிலும் புதுதில்லியிலும் அமர்ந்திருந்தோர்தம் மனமின்மையே குறுக்கே நின்றது. திறந்த வழி எவர் தயவுமன்று. அஃது இரு கரை மக்களின் உரிமை. பொதுத்துன்பம் நேர்ந்து நிறுத்தினும், ஏனை வழிகள் திறக்கும் நாளிலேயே அதுவும் திறக்கப்படல் வேண்டும். அதனை இரு கரையாரும் விழித்திருந்து காத்தல் கடன்.