ஒரு சனிக்கிழமைக் காலை வேண்டும்

“கொக்குப் பார்க்கவோ இவ்வளவு தூரம் வந்தனாங்கள்?” என்று பெரியவர் ஒருவர் எம்மிடம் கேட்டார். ஃப்ரீமான்ட் நகரின் மேற்கே, கயோட்டி ஹில்ஸ் பூங்காவின் சதுப்பு நிலத்தில் எமது குடும்பங்கள் சில சனிக்கிழமை தோறும் பறவை பார்த்து நடப்பதையே அவர் குறிப்பிட்டார். கேள்வியில் நியாயம் உண்டு. ஆயினும் பெரியவரையும் அழைத்துச் செல்லவே நாம் விரும்புகிறோம்.

ஐப்பசி பிறந்ததும் அங்கே ஊசிவால் தாராக்களும் தட்டைச் சொண்டுத் தாராக்களும் கூட்டம் கூட்டமாக வந்து இறங்குகின்றன. இதே இனங்கள்தாம் மாரியில் மன்னாருக்கும் யாழ்ப்பாணக் கடனீரேரிக்கும் வருபவை. அங்கே வருபவை வட ஆசியாவிலிருந்தும், இங்கே வருபவை அலாஸ்காவிலிருந்தும் கனடாவிலிருந்தும் பறந்து வருகின்றன. பூங்காவை அடுத்துள்ள விரிகுடாக் கரையில் உப்பு வயல்கள் உள்ளன. ஆனையிறவைக் கண்டவர்களுக்கு அக்காட்சியை விளக்க வேண்டியதில்லை. அவ்வயல்களில் 15,000 ஏக்கருக்கு மேற்பட்ட பரப்பை 2003 ஆம் ஆண்டில் அரசு வாங்கி, மீண்டும் சதுப்பு நிலமாக்கி வருகிறது. பறவைகளுக்கென 1972 இல் சட்டம் இயற்றி இங்கு ஒதுக்கப்பட்ட கரைநிலத்துக்குத் தேசிய வனவிலங்குப் புகலிடம் என்று பெயர். புகலிடம் என்ற சொல்லைக் கேட்டதும் எம்மவர் முகத்தில் ஒரு சிரிப்பு வருவதுண்டு.

எம்முடன் வரும் பாட்டி ஒருவர் பல மாதங்களாக வர மறுத்தவர். கோரைப் புல்லும் சேற்று மணமும் அவருக்குக் கிளாலியை நினைவூட்டின. 1993 இல் அக்கடனீரேரியை இரவில் படகேறிக் கடந்தோர் பலர் சுடப்பட்டு மாண்டதை எமது வாசகர்கள் அறிவர். அவ்வாறு கடந்து வந்தவர்களுள் இவரும் ஒருவர். முதல் நாள் மரப்பாலத்தில் ஏறாமல் கரையிலேயே நின்றார். நாமும் வற்புறுத்தவில்லை. மூன்றாம் வாரம், மரக்கிளையில் கழுத்தை உள்ளிழுத்துக்கொண்டு உறங்கிய ஒரு பறவையைப் பேரனுக்குக் காட்டி, “உது இராக்கொக்கு, பொழுதுபட்டாப் பிறகுதான் இரை தேடும்” என்றார். பேரன் கையிலிருந்த படப்புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தான். பாட்டி சொன்னது சரியாக இருந்தது. அதன்பின் அவன் பாட்டியை விட்டு அகலவில்லை.

இந்நடையைத் தமிழ் வகுப்பாக்கலாம் என்று நண்பர் சிலர் ஆலோசனை கூறினர். பல ஆண்டுகள் வகுப்பறையில் நின்றவர்கள் என்ற முறையில் நாம் அதற்கு உடன்படவில்லை. பயிற்சித்தாளும் பரீட்சையும் வந்தால் பிள்ளை பறவையைப் பாராது, கடிகாரத்தையே பார்க்கும்.

எமது குறை பெற்றோர் மீதுதான். சனிக்கிழமை என்றால் கணிதம், நடனம், நீச்சல் என்று பிள்ளைகளை ஏற்றி இறக்குகிறீர்கள். கார் ஓட்டத் தெரியாத உங்கள் தாய் தந்தையரோ கிழமை ஏழு நாளும் நான்கு சுவருக்குள் தொலைக்காட்சியின் முன் இருக்கிறார்கள். பேரப்பிள்ளைகளுக்கு அவர்கள் சொல்லக்கூடிய பல செய்திகள் வீட்டுக் கூடத்தில் வாயில் வருவதில்லை. தண்ணீரையும் தாராவையும் கண்டால் வருகின்றன. மாதத்தில் ஒரு சனிக்கிழமைக் காலையையாவது ஒதுக்கி இருவரையும் ஒன்றாக அழைத்து வாருங்கள். அவர்களை இறக்கிவிட்டுக் கடைக்குப் போய்விடாமல் நீங்களும் நடவுங்கள்.

காலை எட்டு மணிக்குப் பார்வையாளர் நிலையத்தின் முன் கூடுகிறோம். தொலைநோக்குக் கண்ணாடி இரண்டு எம்மிடம் உண்டு. விரிகுடாக் காற்று குளிரும். முதியவர்களுக்குக் கம்பளிச் சட்டையும் போத்தலில் தேநீரும் கொண்டு வருக.