வைட் என்றால் அகலம் மட்டும்தானா?

'வைட்' என்றால் என்ன என்று கேட்டால் 'அகலம்' என்று உடனே சொல்லிவிடுவோம். பள்ளியில் அப்படித்தானே மனப்பாடம் செய்தோம்! ஆனால் அந்த ஒரே அர்த்தத்தை வைத்துக்கொண்டு ரொம்ப தூரம் போக முடியாது நண்பர்களே.

கிரிக்கெட்டில் அம்பயர் இரு கைகளையும் விரித்தால் வைட். பேட்ஸ்மேனுக்கு எட்டாமல் விலகிப் போன பந்து அது. 'வைட் அவேக்' என்றால் நன்றாக விழித்திருப்பது. 1990-ல் டிம் பெர்னர்ஸ்-லீ 'வேர்ல்ட் வைட் வெப்' என்றபோது, உலகம் 'முழுவதும்' என்று பொருள். சரி, பட்டப்பகலுக்கு? அங்கே 'பிராட் டேலைட்'தான். அதுவும் அகலம்தான், ஆனாலும் 'வைட் டேலைட்' என்று யாரும் சொல்வதில்லை!

"அகலக்கால் வைக்காதே" என்று அப்பா சொன்னால் நாம் காலை அளந்தா பார்க்கிறோம்? தமிழைப் பேச்சோடு பேச்சாகக் கற்றோம். ஆங்கிலத்தை மட்டும் வார்த்தைப் பட்டியலாக உருப்போடுகிறோம். பிறகு இன்டர்வியூவில் வாக்கியம் வராமல் திணறி, 'எனக்கு இங்கிலீஷ் வராது' என்று ஒதுங்கிவிடுகிறோம். குறை நம் அறிவில் இல்லை, படித்த முறையில்தான்.

தினம் பத்து வார்த்தை வேண்டாம். ஒரே வார்த்தை, அது வரும் ஐந்து வாக்கியங்களோடு போதும். அகல உழுவதைவிட ஆழ உழுவதே மேல் என்று நம்மூரில் சும்மாவா சொன்னார்கள்?